ஷோஸ்தகோவிச்: கோந்திராஷினா, ஹைட்டிங்கா?

நாகர்கோவிலில் இரண்டு நண்பர்கள் ஒரே வாரத்தில் கேட்டார்கள்: சோவியத் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் 15 சிம்பொனிகளுக்கும் ஒரு இசைப்பதிவுத் தொகுப்புதான் வாங்க முடியும் என்றால் எது?

இரண்டு நடத்துநர்களின் தொகுப்புகளை ஒப்பிடுகிறேன்.

பதிவு: கோந்திராஷின், மாஸ்கோ பில்ஹார்மானிக் இசைக்குழு, 1961 முதல் 1975 வரை. ஹைட்டிங்க், லண்டன் பில்ஹார்மானிக், ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபா இசைக்குழுக்கள், 1977 முதல் 1984 வரை.

ஒலி: முன்னதில் பித்தளைக் கருவிகள் கரகரக்கும், உச்சத்தில் கொஞ்சம் பிசிறும். பின்னது தெளிவு, ஆழம்.

வாசிப்பு: இங்கேதான் எனக்கு மனசு கோந்திராஷின் பக்கம் சாய்கிறது. 1936-இல் ஒத்திகையோடு நின்றுபோன நான்காவது சிம்பொனியை 1961-இல் முதன்முதலாக அரங்கேற்றியவரே அவர்தான். மறு ஆண்டு பதின்மூன்றாவதையும். அந்தப் பதற்றம் பதிவிலும் இருக்கிறது. வேகம் கூடுதல், தயவு குறைவு. ஹைட்டிங்க் அவசரப்படமாட்டார். எட்டாவதின் நீண்ட முதல் பகுதியை அவர் கட்டி எழுப்பும் பொறுமை தனி அழகு.

மொழி: பதினான்காவதில் கவிதைகள் பாடப்படுகின்றன. கோந்திராஷின் அவற்றை ரஷ்ய மொழியில் தருகிறார்; ஹைட்டிங்கில் அவை தம் மூலமொழிகளிலேயே ஒலிக்கின்றன.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது ஹைட்டிங்கின் மெல்லிய இடங்கள் காதில் விழாது. நல்ல ஹெட்போனோ அமைதியான இரவோ வேண்டும். கோந்திராஷினின் பதிவு மழையையும் மீறிக் கேட்கும்.

முதல்முறை கேட்பவருக்கும், நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கும் ஹைட்டிங்க். ஐந்தாவதும் பத்தாவதும் ஏற்கெனவே பழகியவர் கோந்திராஷினை வாங்கி, நான்காவதிலிருந்து தொடங்கட்டும்.