மூன்று வருடமாகச் சுவரில் தொங்கும் பேடன் பவல்: மெட்டல் பிரிண்ட் அனுபவம்

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. கூடத்தில் படம் அச்சடித்த மூன்று அலுமினியத் தகடுகள் தொங்குகின்றன. பெரியது சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், 16க்கு 24 அங்குலம். அதன் கீழே மாஃபெகிங் தபால்தலையில் சைக்கிள் ஓட்டும் பையன். எதிர்ச்சுவரில் அன்னி பெசன்ட். மாட்டி மூன்று வருடம் தாண்டிவிட்டது. வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருப்பேன்.

"ஏண்டா, தாத்தா படத்தைப் பரண்ல போட்டுட்டு வெள்ளைக்காரத் துரையை நடுக் கூடத்துல மாட்டுறியே?" என்று அம்மா முதல் நாளே கேட்டார். பள்ளிக்கூடத்தில் சாரணனாக இருந்தவன், இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு படைக்குப் போய் முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுப்பவன் என்பதைத் தவிர என்னிடம் பெரிய பதில் இல்லை.

முதலில் இந்தப் பிரிண்ட் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. எனக்குத் தெரியாமல்தான் முதல் தடவை பணம் வீணானது. படத்தைச் சாயத்தால் ஒரு தாளில் அச்சடித்து, பூச்சுப் பூசிய அலுமினியத் தகட்டின் மேல் வைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் தண்ணீர் பட்டாலும் அழிவதில்லை. தகட்டுக்கு வெள்ளை அடிப்பூச்சு இருந்தால் படத்தின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். அடிப்பூச்சு இல்லாத, கோடு கீறிய தகடு என்றால் வெள்ளை வரவேண்டிய இடத்தில் உலோகமே தெரியும்.

அந்த இரண்டாவது வகையில்தான் பெசன்ட்டை அடிக்கச் சொன்னேன். நரைத்த தலை, வெள்ளைப் புடவை. பகலில் வெள்ளிச் சிலை மாதிரி ஜொலிப்பார். விளக்கு வைக்கிற நேரத்தில் முகமே கறுத்து, ஆள் அடையாளம் தெரியாது. நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளைப் பூச்சில், பளபளப்பில்லாத மேட் வகையில் இன்னொன்று அடித்தேன்.

அதே வகைத் தகடு சைக்கிள் பையனுக்கு அப்படிப் பொருந்தியது! தென்னாப்பிரிக்காவில் பேடன் பவல் காவல் காத்த மாஃபெகிங் ஊர், 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாள் போயர்களின் முற்றுகையில் இருந்தது. சிறுவர்களைக் கொண்டு அங்கே ஒரு கேடட் படை இயங்கியது. செய்தியும் கடிதமும் கொண்டுபோனது அவர்கள்தான். அந்தப் படையின் சார்ஜென்ட் மேஜர் வார்னர் குட்இயரின் படத்தை ஒரு பென்னி தபால்தலையில் போட்டார்கள். ஊருக்குள் அச்சு வசதி போதாததால், கட்டட வரைபடம் எடுக்கிற நீல அச்சு முறையில், இரும்பு உப்பு தடவிய தாளை வெளிச்சத்தில் காட்டி எடுத்தது அது. அந்த நீலம் உலோகத்தின் மேல் உட்கார்ந்ததும் சக்கரத்துக் கம்பிகள் நாம் நடக்க நடக்க மின்னுகின்றன. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் முதலில் நிற்பது இதன் முன்னால்தான். அவர்களிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுவேன்: அதே முற்றுகையில் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிய உணவு வெள்ளையருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

பேடன் பவல் பளபளப்பு வகை. தவறு என்னுடையது. என்னிடம் இருந்தது ஒரு பழைய அஞ்சலட்டை, மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 பிக்சலாக, ஸ்கேன் செய்தால் அகலத்துக்கு 2100 பிக்சல். அதை 16 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 131தான் வரும். அது பரவாயில்லை. அட்டையே புள்ளிப் புள்ளியாக அச்சடித்தது என்பதுதான் சிக்கல். எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் செய்தாலும் புள்ளிதான் பெரிதாகும். காகிதப் பிரிண்டில் இது கொஞ்சம் மறைந்துபோகும், பளபளத் தகடு ஒன்றையும் மறைக்காது. சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் துரை கம்பீரமாக இருக்கிறார். கிட்டே போனால் கன்னத்தில் சல்லடை. போதாக்குறைக்கு எதிர் ஜன்னலும் தொப்பியில் தெரியும்.

மாலை வெயில் தினமும் ஒரு மணி நேரம் அவர் மேல் விழுகிறது. கடைக்காரர் கொடுத்த மாதிரித் துண்டை பீரோவில் வைத்திருந்தேன். போன மாதம் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு கொஞ்சம் வெளிறி, லேசாகப் பச்சை பாய்ந்திருக்கிறது. வெயில் படாத பெசன்ட்டில் ஒரு மாற்றமும் இல்லை.

தகடு துருப்பிடிக்கவில்லை. ஆனால் மாட்டிய திருகுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு இறக்கிவிட்டன. அதைவிட மோசம், பின்பக்கக் கட்டையை டபுள் சைடு டேப்பால் ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது வருடம் மே மாதத்தில் ஒரு மத்தியானம் பேடன் பவல் தடாரென்று விழுந்தார். படத்துக்குச் சேதமில்லை, கீழ் மூலை மட்டும் மடங்கிவிட்டது. நிமிர்த்தப் போனால் பூச்சு வெடிக்கும் என்றார்கள். அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம், சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி அழகுக்காக விடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது பல்லிகளுக்குக் குடித்தனம்.

துடைப்பது சுலபம். ஈரமான மைக்ரோஃபைபர் துணி போதும்.

பெசன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1909இல் பெங்களூரில் முதல் சாரணர் படை தொடங்கியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டும்தான். 1916இல் பெசன்ட் தன் சகா ஜார்ஜ் அருண்டேலோடு சேர்ந்து சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கித் தலைப்பாகை கட்டிவிட்டார். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோதுதான் அது அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. இருவரையும் நேருக்கு நேர் மாட்டியது வேண்டுமென்றேதான். அம்மாவும் இப்போது பெசன்ட்டுக்கு மட்டும் பூ வைக்கிறார்.

அடுத்து ஓலவ் பேடன் பவல். கணவன் மனைவி இருவருக்கும் பிறந்த நாள் பிப்ரவரி 22 என்பதால் அதற்குள் மாட்டிவிட ஆசை. இந்தத் தடவை புள்ளி அச்சு இல்லாத அசல் புகைப்படத்தின் ஸ்கேன், வெள்ளைப் பூச்சு, மேட், 12க்கு 18. டேப் கூடாது, ஸ்டெயின்லெஸ் திருகு. எல்லாவற்றையும் கடைக்காரருக்குத் தாளில் எழுதியே கொடுத்துவிட்டேன்.