சாட்சிக்கு சம்மன் போனதா என்று நீங்களே பாருங்கள்

"எனக்கு சம்மனே வரலையேம்மா. வந்திருந்தா வராம இருப்பேனா?"

81 வயதுப் பெரியவர், படுக்கையில் இருந்தபடி என்னிடம் இப்படிக் கேட்டார். அப்பாவின் கூட்டாளி, எனக்குப் பெரியப்பா முறை. அப்பா வீட்டை அம்மா பேருக்கு எழுதிய உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். உயிலே போலி என்று அண்ணன் தரப்பில் சொல்லிவிட்டார்கள். பதிவு செய்த உயிலாகவே இருந்தாலும், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொன்னால்தான் கோர்ட்டில் நிற்கும். எங்கள் வழக்கே அவர் வாயில்தான் இருந்தது.

ஏழு மாதமாக எங்கள் வக்கீலின் குமாஸ்தா ஒரே பதிலைச் சொன்னார். "அமீனா போயிட்டு வந்துட்டாரும்மா, பெரியவர் வாங்க மாட்டேங்கிறார். உங்க அண்ணன் ஆள் பிடிச்சிட்டாரு போல." அமீனா என்றால் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கோர்ட் ஊழியர். பேட்டா (சாட்சியின் போக்குவரத்துச் செலவு), அமீனா செலவு என்று மூன்று முறை வாங்கியது மொத்தம் 6,000 ரூபாய். நானும் நம்பி, பெரியப்பா மேல் மனக்கசப்போடு இருந்தேன். இதை எழுதும்போதும் அதுதான் உறுத்துகிறது.

அவர் வீட்டிலிருந்து திரும்பியதும் வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில், எங்கள் வழக்குக்கென்று இருக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு ஒவ்வொரு வாய்தாவாகத் திறந்து பார்த்தேன். மூன்று வாய்தாவிலும் 'பேட்டா கட்டவில்லை' என்றுதான் பதிவாகியிருந்தது. சம்மன் கோர்ட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

உண்மையில் நடக்க வேண்டியது இதுதான். சாட்சியின் பெயர், முகவரி, எதற்காக அழைக்கிறோம் என்று எழுதி மனுப் போட வேண்டும். கோர்ட் அனுமதித்ததும் சாட்சியின் போக்குவரத்துச் செலவை கோர்ட்டில் கட்ட வேண்டும். கட்டினால்தான் சம்மன் தயாராகி, நீதிபதி அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலர் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் பெற்று, சம்மன்களை அனுப்பும் நாசர் பிரிவு வழியாக அமீனா கைக்குப் போகும். அவர் ஒரு பிரதியைச் சாட்சியிடம் கொடுத்து, இன்னொன்றில் கையெழுத்து வாங்கி, எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று எழுதி கோர்ட்டில் திருப்பித் தர வேண்டும். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு, வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னால் ஒட்டினார் என்பதையும் எழுத வேண்டும். ஆகவே 'வாங்க மாட்டேங்கிறார்' என்று யாராவது சொன்னால் அந்த அறிக்கையைக் கேளுங்கள். அமீனா உண்மையிலேயே போயிருந்தால் அது கோர்ட்டில் உள்ள வழக்குக் கட்டில் இருக்கும், நகல் மனுப் போட்டு வாங்கலாம். பேட்டா கட்டியதாகச் சொன்னால் ரசீதைக் கேளுங்கள்.

எனக்கு யாரும் சொல்லாத இன்னும் இரண்டு விஷயம். கோர்ட் அனுமதித்தால் சம்மனை நாமே வாங்கிப்போய்ச் சாட்சி கையில் கொடுக்கலாம். வயதாலோ நோயாலோ வர முடியாதவர் என்றால் அட்வகேட் கமிஷனரை (கோர்ட் நியமிக்கும் வக்கீல்) வீட்டுக்கே அனுப்பி வாக்குமூலம் பதிவு செய்யக் கேட்கலாம். பெரியப்பாவுக்கு முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

வக்கீலிடம் போய்க் கேட்டேன். "குமாஸ்தா பார்த்துக்குவார்னு விட்டுட்டேன்மா" என்றார். எங்களுக்காக வாதாட ஒப்புக்கொண்ட வக்காலத்தில் இருப்பது குமாஸ்தா கையெழுத்து இல்லையே! வழக்குக் கட்டைத் திரும்ப வாங்கி வேறு வக்கீலிடம் கொடுத்தோம். அவர் கமிஷன் மனுப் போட்டு, அது விசாரணைக்கு வருவதற்கு நான்கு நாள் முன்னால் பெரியப்பா போய்விட்டார்.

சாட்சிகள் யாருமே உயிரோடு இல்லையென்றால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் உயில் எழுதியவர் கையெழுத்தையும் அடையாளம் காட்டி நிரூபிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. போன மாதம் பெரியப்பாவின் மகன் கூண்டேறி, "இது எங்கப்பா கையெழுத்து" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "அவர் கையெழுத்துப் போட்டப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.