வீட்டிலேயே பழுது பார்த்த பிளாஷ்: பல வருஷப் பயன்பாட்டுக்கு அப்புறம்

கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சீர் என்று போட்டோ எடுக்கப் போகும்போது என்னோடு வருவது ஒரு பழைய தைரிஸ்டர் பிளாஷ் (போதிய வெளிச்சம் வந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் ரகம்). நாலு பென் டார்ச் செல் போடுகிற ரகம், தலையை மேலே திருப்பிக்கொள்ளலாம். கேமராவில் மாட்டுவது புது பிளாஷ். இந்தப் பழையது ஸ்டாண்டில் ஏறி மண்டபத்து ஓரத்தில் நிற்கும். கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீர் நடக்கும்போது கூட்டம் சுற்றி மறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் இருந்து விழும் இந்த வெளிச்சம்தான் முகங்களைத் தனித்துக் காட்டும். கம்பெனி உதிரி பாகம் நின்று ரொம்ப நாளானதால், பழுதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டு பல வருஷமாக ஓட்டுகிறேன். இன்னும் நம்பி வேலைக்கு எடுத்துப் போகிறேன்.

பிளாஷ் வேலை செய்யவில்லை என்றால் பாதிக்கு மேல் பழுது செல் பெட்டியில்தான் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் ‘ஙொய்ய்’ என்று ஏறும் சத்தம் கேட்கவே இல்லையென்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். அல்கலைன் செல் கசிந்து, தகட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்தக் கசிவு காரம். அதனால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டால் போதும், உடம்பைத் திறக்கவே வேண்டியதில்லை. சத்தம் கேட்டும் ரெடி லைட் வரவில்லை என்றால் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெபாசிட்டர் மீது சந்தேகப்படலாம். ரெடி லைட் எரிந்தும் வெளிச்சம் அடிக்கவில்லை என்றால் வெளிச்சம் தரும் டியூப், அதைத் தூண்டிவிடும் டிரிக்கர் காயில், கேமராவின் தலையில் மாட்டும் ஹாட் ஷூவின் ஒயர் என்று தேடிக்கொண்டு போக வேண்டும். இந்த இரண்டுக்கும் ஸ்குரூவைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

செல் நாலும் சேர்ந்து 6 வோல்ட்தான், என்ன செய்துவிடும் என்று தோன்றும். உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை 300 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கெபாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. 1000 மைக்ரோபாரட் கெபாசிட்டர் 330 வோல்ட்டில் நிறைந்திருந்தால் அதில் இருப்பது சுமார் 54 ஜூல். மார்பு வழியாகப் பாய்ந்தால் இதயத் துடிப்பை நிறுத்தக்கூடிய அளவு அது. சுவிட்சை அணைத்தாலும் செல்லைக் கழற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

இதை எனக்குப் பழக்கியவர் எங்கள் ஊர் டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவர். “அண்ணா, செல்லைக் கழட்டி ரெண்டு நாளாச்சுங்க, இனி தொடலாமுங்களா?” என்று கேட்டேன். “நாள் கணக்கு வேண்டாமுங்க தம்பி. மீட்டர் சொல்லட்டும்” என்றார். வைத்துப் பார்த்தால் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அன்று முதல் மீட்டர் சொல்லாமல் நான் கை வைப்பதில்லை.

திறப்பதற்கு முன்னால் செல்லைக் கழற்றிவிட்டு டெஸ்ட் பட்டனை அழுத்தி ஒரு முறை அடிக்க வைக்கிறேன். அடித்துவிட்டால் காலி என்று நினைக்கக் கூடாது. வெளிச்சம் அணைந்த பிறகும் பத்துக் கணக்கான வோல்ட் மிச்சம் நிற்கும். அடிக்காத பிளாஷில் முழுசும் அப்படியே நிற்கும். மோதிரம், வாட்ச் கழற்றி, காய்ந்த மரப் பலகை மேல் வைத்து, இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரே கையால் திறப்பேன். கெபாசிட்டரின் இரண்டு காலிலும் 2.2 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரை உறை போட்ட கிளிப்பால் மாட்டுவேன். ரெசிஸ்டரின் காலும் வெளியே தெரியாதபடி ஸ்லீவ் போட்டிருக்கிறேன். 1000 மைக்ரோபாரட் என்றால் 12 நொடியில் 3 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். ஆனாலும் நான் ஒரு நிமிஷம் விட்டு, மல்டிமீட்டரை 1000 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து அளந்து, படிப்படியாக ரேஞ்சைக் குறைத்துப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அளந்தால் சில வோல்ட் தானாக ஏறியிருக்கும். பெரிய கெபாசிட்டருக்கு அது இயல்பு. அதனால் வேலை முடியும்வரை ரெசிஸ்டர் மாட்டியபடியே இருக்கும். ஸ்குரூ டிரைவரை வைத்து ‘டப்’ என்று ஷார்ட் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பொறி தெறித்து உலோகம் உருகும், கண்ணுக்கும் ஆபத்து, கெபாசிட்டரும் அடிபடும்.

வேலை முடிந்து சோதிக்கும்போது ரெசிஸ்டரைக் கழற்றி, மூடியைப் பூட்டி, அதற்கு அப்புறம்தான் செல் போட வேண்டும். மூடாமல் செல் போட்டால் சில நொடியில் மறுபடியும் 300 வோல்ட்.

இத்தனை வருஷத்தில் மாற்றியது கொஞ்சம்தான். செல் பெட்டியில் இருந்து போகும் ஒயர் ஒன்று அரித்துப்போய் மறுபடியும் ஈயம் வைத்தேன். டியூபின் இரண்டு முனையும் கறுத்து, சில நேரம் அடிக்காமல் விட்டபோது அதே நீள டியூபை கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் வாங்கிப் போட்டேன். புது டியூபை வெறும் விரலால் தொடாமல் துணியால் பிடிப்பது நல்லது. பிளஸ், மைனஸ் முனை மாறக் கூடாது. பெரிய கெபாசிட்டர் பழையதேதான். அது தாங்குவதற்குக் காரணம், வேலை இல்லாத ஆடி, மார்கழியில்கூட மாதம் ஒரு முறை எடுத்துச் சார்ஜ் ஏற்றி நாலைந்து தடவை அடித்து வைப்பதுதான். சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் பலவீனமாகி மின்சாரம் கசியத் தொடங்கும். பொள்ளாச்சிப் பக்கம் ஈரக் காற்றில் வேலை செய்யும் நண்பர்கள் இதோடு சிலிக்கா ஜெல்லும் போட்டு வைக்க வேண்டும்.

அல்கலைனை விட்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கு மாறியது நான் செய்த நல்ல காரியம். 1.2 வோல்ட்தான் என்றாலும் உள் தடை குறைவு, அதனால் அடுத்த அடிக்குச் சீக்கிரம் தயாராகிறது. கசிவுத் தொல்லையும் ரொம்பக் குறைவு.

குறை என்றால், இதைப் புது டிஜிட்டல் கேமராவின் தலையில் மாட்ட முடியாது. பழைய பிளாஷ் சிலவற்றில் ஹாட் ஷூவின் நடுப்புள்ளியிலேயே 200 வோல்ட் வரை வரும். ஐஎஸ்ஓ 10330 தரம் சொல்லும் எல்லை 24 வோல்ட். என்னுடையது அதைத் தாண்டுவதால் இன்னொரு பிளாஷின் வெளிச்சம் பட்டதும் இதை அடிக்க வைக்கும் ஆப்டிகல் ஸ்லேவ் வழியாக மட்டும் அடிக்கிறேன். உங்கள் பழைய பிளாஷையும் மாட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

கெபாசிட்டர் உப்பியிருந்தாலோ, கருகிய வாசம் வந்தாலோ, மீட்டரும் ரெசிஸ்டரும் கையில் இல்லாவிட்டாலோ திறக்காதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், கொடுக்கும்போது செல்லைக் கழற்றி, ‘உள்ளே சார்ஜ் இருக்கலாம்’ என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள்.