பறக்கும் ரயில்: பத்து ரூபாயில் சென்னையைப் பிடித்துப்போக வைக்கும் சேவை

சென்னையில் பல வருடம் இருந்தும் ஊர் ஒட்டவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் ஊரைப் பார்ப்பது அண்ணா சாலை சிக்னலிலிருந்தும் பழைய மாமல்லபுரம் சாலை நெரிசலிலிருந்தும்தான். அங்கிருந்து பார்த்தால் எந்த ஊரும் பிடிக்காது. கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில், அதாவது பெரும்பகுதி உயரத் தூண்களின் மேல் ஓடும் நகர ரயிலில், ஒரு அரை நாள் செலவழித்தால், வீடுகளின் மொட்டை மாடியும் துணிக் கொடியும் கோயில் கோபுரமும் ஆறும் சதுப்பு நிலமும் ஒரே கோட்டில் வரும். சுமார் 19 கிலோமீட்டர், 18 நிலையங்கள், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். குறைகள் நிறைய உண்டு. ஆனால் ஊரைச் சுற்றிக் காட்டுவதில் இந்த விலைக்கு இதை மிஞ்ச வேறு சேவை இல்லை.

1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் திருமயிலை வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் ஓடத் தொடங்கிய பாதை இது. பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தின்போது 1877-78இல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கஞ்சிக்காக மண் சுமந்தவர்களின் உழைப்பு அது. சேப்பாக்கம் தாண்டியதும் சன்னலுக்குக் கீழே கறுப்பாகத் தெரியும் நீரைப் பார்த்து முகம் சுளிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள். கால்வாய்க்குள்ளேயே ரயில் தூண்களை இறக்கியதால் தண்ணீர் ஓடும் வழி குறுகியது என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சமானது, விலையைக் கால்வாய் கொடுத்தது.

முதலில் டிக்கெட். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை முழுத் தூரத்துக்கும் 10 ரூபாய்தான். ஆனால் நடுவில் இறங்கி அதே சீட்டில் மறுபடி ஏற முடியாது. இறங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். நான்கு இடத்தில் இறங்கினாலும் செலவு 25 ரூபாய் சொச்சம். ரயில்வே செயலியில் காகிதமில்லாச் சீட்டு எடுப்பவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நிலையத்துக்குள் நின்றுகொண்டு எடுக்க முயன்றால், இருப்பிடத்தைப் பார்த்து செயலி மறுத்துவிடும். பரிசோதகரைக் கண்ட பிறகு சீட்டு எடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. வாசலுக்கு வெளியிலேயே எடுத்துவிடுங்கள், அல்லது நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்யுங்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் நாளென்றால் போகும்போதே திரும்பும் சீட்டையும் சேர்த்து எடுப்பது உத்தமம். ஆட்டம் முடிந்தபின் கவுன்ட்டரில் நிற்க இடமிருக்காது.

கடற்கரை நிலையத்தில் தாம்பரம் ரயிலும் வேளச்சேரி ரயிலும் வெவ்வேறு நடைமேடைகளில் நிற்கும். கூட்டம் ஓடும் பக்கம் ஓடாமல் பலகையைப் பார்த்து ஏறுங்கள். சென்ட்ரலிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு குழப்பம்: ‘பூங்கா’ வேறு, ‘பூங்கா நகர்’ வேறு. பறக்கும் ரயிலுக்கு இரண்டாவதுதான். வேளச்சேரி நோக்கிப் போகும்போது இடப்பக்கச் சன்னல் பிடியுங்கள், அதுதான் கடல் பக்கம். காலை ஏழு மணிக்கு முன்போ, பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள்ளோ ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கால அட்டவணை வேறு, ரயில் குறைவு. பராமரிப்புப் பணி என்று ரத்தாகும் நாட்களும் உண்டு. கிளம்பும் முன் தெற்கு ரயில்வே அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஊர் பிடித்துப்போகும் பகுதி திருவல்லிக்கேணியில் தொடங்குகிறது. அங்கே இறங்கி கடல் பக்கம் நடந்தால் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். எதிர்த் திசையில் நடந்தால் பார்த்தசாரதி கோயில், பக்கத்தில் பாரதியார் நினைவு இல்லம். பகல் பன்னிரண்டரைக்கு மேல் போனால் கோயில் நடை சாத்தியிருக்கும், நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே காலையிலேயே இதை முடித்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்குபவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும், அன்று விளக்கத்தின் மேலே ஏற முடியாது. மற்ற நாளிலும் மதியம் 1 மணிக்கு மூடி 3 மணிக்குத் திறப்பார்கள். லிப்ட் இருப்பதால் பெரியவர்களையும் அழைத்துப் போகலாம்.

திருமயிலைக்கு மட்டும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கபாலீசுவரர் கோயிலுக்கு நேராகப் போய்த் திரும்பாமல், நான்கு மாட வீதிகளையும் ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே போங்கள். பூக்கட்டு, பாத்திரக்கடை, பூசைச் சாமான், பில்டர் காபி எல்லாம் அந்தச் சுற்றில்தான். புரட்டாசியில் நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைகள். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழா. அன்று பார்க்க ஆசையிருந்தால் வண்டி எடுக்காமல் ரயிலில் வருவதே வழி. தெருக்களில் வண்டி நுழையாது.

அதன்பின் பசுமைவழிச் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவே ரயில் அடையாற்றைக் கடக்கும். அரை நிமிடக் காட்சிதான். கைப்பேசியை எடுப்பதற்குள் போய்விடும், கண்ணால் பார்ப்பதே மேல். கோட்டூர்புரத்திலிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் படிக்கத் தனிப் பகுதி உண்டு, மற்றத் தளங்களுக்கு அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள். குழந்தைகள் பிரிவு மட்டுமே ஒரு தளம். இந்த ஊரில் காசு கொடுக்காமல் நாள் முழுக்க உட்கார இடமில்லை என்று சொல்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

குறை என்று எடுத்தால் நிலையங்கள்தான். வணிக வளாகமாகும் என்று எண்ணி மலைபோல் கட்டிவிட்டு, பாதி தளங்கள் காலியாகவே கிடக்கின்றன. விளைவு: நடைமேடைக்குப் போக நீண்ட, இருட்டான படிக்கட்டுகள். தானியங்கிப் படிகள் எப்போதும் ஓடும் என்று நம்ப முடியாது. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துவந்தால் கீழே நின்று லிப்ட் ஓடுகிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் சில நிலையங்களில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். அந்த நேரத்துக்குத் தனியாக வருபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிலைய வாசலில் தெருப்பெயர்ப் பலகைகளும் குறைவு. எந்தப் பக்க வாசல் எந்தச் சாலைக்கு என்பது இறங்கியபின்தான் தெரியும். கடைசிக் கிலோமீட்டருக்குப் பேருந்து இணைப்பும் பல இடங்களில் இல்லை. இவ்வளவு நல்ல பாதையை இப்படி வைத்திருப்பது வருத்தமாகத்தான் இருக்கிறது.

வேளச்சேரிக்கு முந்தைய நிலையம் பெருங்குடி. அதைத் தாண்டியதும் இடப்பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் விரியும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் அதை நெருக்கியிருப்பதும் கண்ணுக்குத் தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை வெயில் ஏறும் முன் வந்தால் கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, அதிர்ஷ்டமிருந்தால் பூநாரைக் கூட்டம். ஓடும் ரயிலில் தொலைநோக்கி நிலைக்காது, வெறும் கண்ணே போதும். சரியாகப் பார்க்க முடியவில்லை என்றால் வேளச்சேரியில் 5 ரூபாய்ச் சீட்டு ஒன்று எடுத்து அடுத்த ரயிலில் திரும்புங்கள். இப்போது வலப்பக்கச் சன்னல்.