முதல் பேஸ் கிட்டார்: நான்கு மாடல்களின் ஒப்பீடும், வாங்கியபின் செய்யவேண்டிய செட்டப்பும்

முதல் பேஸ் கிட்டாருக்கு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லலாம் என்றால் என் ஓட்டு ஸ்குவையர் கிளாசிக் வைப் 60ஸ் பிரிசிஷனுக்கு. அதே வரிசையின் 60ஸ் ஜாஸ் பேஸ், யமஹா டிஆர்பிஎக்ஸ்304, ஐபனேஸ் எஸ்ஆர்300இ ஆகிய மூன்றும் நல்ல கருவிகள்தான். சிலருக்கு அவையே அதிகம் பொருந்தும். நான்கில் எதை எடுத்தாலும், பெட்டியைப் பிரித்த கையோடு வாசித்துப் பார்த்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மரம் ஓர் ஈரப்பதத்தில் செதுக்கப்பட்டு இன்னோர் ஈரப்பதத்துக்கு வந்து சேர்கிறது. நெக் (கருவியின் நீண்ட கழுத்து) கொஞ்சம் வளைந்திருக்கும், தந்தி உயரமாக இருக்கும் அல்லது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பட்டுக் கரகரக்கும். இவை எல்லாம் அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியவை. பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி), ட்யூனிங் பெக் (தலைப்பகுதியில் சுருதி சேர்க்கும் முறுக்காணி), உள்ளே உள்ள வயரிங் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நெக்கின் நேர்த்தி, ஃப்ரெட் வேலை, தோளில் மாட்டினால் கருவி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது, இந்த மூன்றையும் பிறகு மாற்றுவது கடினம். கடையில் பார்க்கவேண்டியவை இவைதான்.

பிரிசிஷன் பேஸை லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்தார். இன்று நாம் அதன் அடையாளமாகக் கருதும் இரு துண்டுப் பிக்கப் 1957-இல் வந்தது. ஒரு துண்டு இரண்டு தடித்த தந்திகளுக்கு, மற்றொன்று இரண்டு மெல்லிய தந்திகளுக்கு. இரண்டின் சுற்றும் காந்தத் திசையும் எதிரெதிராக இருப்பதால் மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான் கட்டுப்பாடுகள். பேட்டரி இல்லை. வசதிக் குறைவாகத் தோன்றும் இந்த எளிமையே கற்பவருக்கு லாபம்: ஒலி மாறவேண்டும் என்றால் விரலை பிரிட்ஜ் பக்கம் நகர்த்தவேண்டும், அல்லது நெக் பக்கம் கொண்டுவரவேண்டும். கை பழகுவது அப்படித்தான். டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து ஒலிக்கும்போதும் இதன் நடு அலைவரிசை அமுங்கிப் போகாது. அமெரிக்க சோல் இசை நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இந்த வகைக் கருவியில், ஃப்ளாட்வுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) தந்திகளோடு. அந்தக் குரல் வேண்டுமென்றால் தந்தி மாற்றினால் பெருமளவு வந்துவிடும்.

ஜாஸ் பேஸ் 1960-இல் வந்தது. முதல் வித்தியாசம் கையில் தெரியும். நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் படிந்து செல்லும் துண்டான நட்டில் இதன் அகலம் 38 மி.மீ., கிளாசிக் வைப் பிரிசிஷனுக்கோ சுமார் 42 மி.மீ. நான்கு மி.மீ. என்று கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஒரு மணி நேரம் வாசித்தபின் கட்டைவிரல் அடிப்பகுதி வேறு கதை சொல்லும். இதில் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்கள், இரண்டு வால்யூம், ஒரு டோன். இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருந்தால் இரைச்சல் இல்லை, காரணம் அவையும் எதிரெதிர்ச் சுற்றுகள். ஒன்றைக் குறைத்ததும் இரைச்சல் எட்டிப்பார்க்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். இது வடிவமைப்பின் இயல்பு. ஸ்லாப் (கட்டைவிரலால் தந்தியைத் தட்டும் பாணி) வாசிக்க விரும்புபவர்களும், பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் வைத்து வரும் கூர்மையான ஒலியை நாடுபவர்களும் தயங்காமல் ஜாஸ் பக்கம் போகலாம்.

யமஹா டிஆர்பிஎக்ஸ்304 ஆக்டிவ் வகை, அதாவது உள்ளே பேட்டரியில் இயங்கும் சுற்று உண்டு. இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்கள், 24 ஃப்ரெட்கள், பேஸ் (தாழ் ஒலி), ட்ரெபிள் (உயர் ஒலி) குமிழ்கள், அவற்றோடு ஐந்து நிலை ஸ்விட்ச் ஒன்று: ஸ்லாப், பிக், ஃப்ளாட், ஃபிங்கர், சோலோ. அவசரத்துக்கு ஒலியை மாற்ற இந்த ஸ்விட்ச் உண்மையிலேயே உதவுகிறது. கற்பவர்கள் ஃப்ளாட் நிலையிலேயே சில மாதம் இருப்பது நல்லது என்பது என் கருத்து. மற்ற நிலைகள் விரலின் சீரற்ற அழுத்தத்தை மூடி மறைத்துவிடும். எஸ்ஆர்300இ-யும் ஆக்டிவ்தான். மெல்லிய நெக், தாழ், நடு, உயர் ஒலிகளைத் தனித்தனியே திருத்தும் மூன்று பட்டை ஈக்யூ, 38 மி.மீ. நட். ஆறு தந்திக் கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருபவர்களுக்கு இதுவே மிக எளிதில் பழகும்.

ஆக்டிவ் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 9 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஒலி முதலில் உடைந்து, பிறகு நின்றே போகும். கேபிளைச் சொருகினாலே சுற்று விழித்துக்கொள்ளும், எனவே வாசிக்காத நேரத்தில் கேபிளைக் கழற்றிவிடவேண்டும். மேடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பையில் ஒரு புதிய பேட்டரி இருக்கட்டும்.

"கை சின்னது, சின்ன பேஸ் வாங்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். இதில் நட் அகலத்தைவிட ஸ்கேல் நீளமே (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம்) முக்கியம். மேலே சொன்ன நான்கும் 34 அங்குல ஸ்கேல். அதில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் வரை 48 மி.மீ. சொச்சம். ஸ்குவையர் பிராங்கோ போன்ற 30 அங்குலக் கருவியில் அது 43 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. குழந்தைகளுக்கும், மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் ஷார்ட் ஸ்கேல் சரியான தேர்வு. தந்தி வாங்கும்போது ஷார்ட் ஸ்கேல் தந்தியாகவே வாங்குங்கள். 34 அங்குலத் தந்தியை வெட்டிப் போட்டால், தடித்த பகுதியே பெக்கில் சுற்றிக்கொண்டு சுருதி நிற்காது, சில சமயம் சுற்றுக் கம்பியும் பிரியும்.

கடையில் செய்யவேண்டிய ஒரு சோதனை பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஜி தந்தியில் (நான்கில் மிக மெல்லியது) 3-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 9 வரை ஒவ்வொரு சுரத்தையும் ஒரே வேகத்தில் மீட்டி, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். 5 முதல் 7 வரை ஏதாவது ஒரு சுரம் பட்டென்று செத்துப்போனால் அது டெட் ஸ்பாட். நெக்கின் சொந்த அதிர்வும் அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் ஒன்றிப்போவதால், தந்தியின் ஆற்றலை நெக் குடித்துவிடுகிறது. போல்ட் போட்டு இணைத்த நீண்ட நெக்குகளில் இது கொஞ்சமேனும் இருக்கும், விலை உயர்ந்தவையும் விலக்கல்ல. தந்தி மாற்றினாலும் செட்டப் செய்தாலும் போகாது. தலைப்பகுதியில் எடை ஒன்றைக் கவ்வவிட்டால் அந்த இடம் சற்று நகரும், அவ்வளவே. ஒரே மாடலில் இரண்டு கருவிகள் இருந்தால் இரண்டையும் சோதித்து, இந்தக் குறை குறைவாக உள்ளதை எடுங்கள். கூடவே உள்ளங்கையால் நெக்கின் இரு ஓரங்களையும் தடவிப் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் குத்தினால் விரல் பலகை காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

இனி செட்டப். வரிசை முக்கியம்: தந்தி, சுருதி, நெக் வளைவு, தந்தி உயரம், இன்டனேஷன் (எந்த ஃப்ரெட்டிலும் சுருதி பிசகாமை), பிக்கப் உயரம். நெக் வளைவு மாறினால் தந்தி உயரம் மாறும், உயரம் மாறினால் இன்டனேஷன் மாறும். பின்னாலிருந்து தொடங்கினால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்யவேண்டிவரும். தேவையானவை ஆலன் கீ, ஸ்க்ரூடிரைவர், ஃபீலர் கேஜ் (நுண் இடைவெளி அளக்கும் தகடுகள்), அரை மி.மீ. கோடுள்ள எஃகு அளவுகோல், கேப்போ (எல்லாத் தந்தியையும் ஃப்ரெட்டில் அழுத்தும் கவ்வி), ட்யூனர்.

தந்தி 45 முதல் 105 வரையிலான நிக்கல் ரவுண்ட்வுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) செட் போதும். அதாவது அங்குலத்தில் 0.045, 0.065, 0.085, 0.105. தந்தியைப் பெக்கைத் தாண்டி 10 செ.மீ. விட்டு, முதலில் மடித்துவிட்டு, பிறகே வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியில் வழுக்கி, அந்தத் தந்தி ஆயுசுக்கும் மந்தமாக ஒலிக்கும். முனையைப் பெக்கின் நடுத்துளையில் செருகி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று. மாட்டி முடித்ததும், நட்டை ஒட்டியும் சாடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் துண்டு) ஒட்டியும் தந்தியை விரலால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். அங்கே தந்தி வில்லாக நிற்காமல் நேராக இறங்கவேண்டும்.

சுருதி சேர்த்தபின் முதல் ஃப்ரெட்டில் கேப்போ. நெக்கும் உடலும் சேரும் இடத்தில் இ தந்தியை (மிகத் தடித்தது) விரலால் அழுத்துங்கள். இப்போது தந்தியே நேர்கோடாகிவிட்டது. 8-ஆம் ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்திக்கும் இடையே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். குறுக்குவாட்டு வளைவின் ஆரம் 9.5 முதல் 12 அங்குலம் உள்ள விரல் பலகைக்கு ஃபெண்டர் தரும் அளவு 0.012 அங்குலம், சுமார் 0.3 மி.மீ. இடைவெளி அதிகமானால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடி வளைவைத் திருத்தும் உலோகக் கம்பி) வலப்பக்கமாக இறுக்கவேண்டும். தந்தி ஃப்ரெட்டிலேயே படுத்திருந்தால் இடப்பக்கம் தளர்த்தவேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுக்குவதற்கு முன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்: நான்கு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் நெக்கை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஆலன் கீ துளியும் ஆடாமல் பொருந்தவேண்டும். "கிட்டத்தட்டப் பொருந்துகிறது" என்று போட்டுத் திருப்பித்தான் பல கருவிகளின் ட்ரஸ் ராட் திருகு முனை மழுங்கிப்போகிறது, அதைச் சரிசெய்யும் செலவில் பாதிக் கருவி வாங்கலாம். திருப்பியபின் மீண்டும் சுருதி சேர்த்து அளந்து பாருங்கள், மறுநாள் இன்னொரு முறையும் பாருங்கள். மரம் அடங்க நேரம் எடுக்கும்.

தந்தி உயரத்தை 17-ஆம் ஃப்ரெட்டில் அளக்கவேண்டும். இ தந்திக்கு 2.4 மி.மீ., ஜி தந்திக்கு 2 மி.மீ. நல்ல தொடக்கம். கை மென்மையாக மீட்டும் என்றால் இன்னும் இறக்கலாம். அழுத்தி மீட்டுபவர்கள் இறக்கினால் கரகரப்பு வரும். கரகரப்பு வந்ததும் சாடிலை உயர்த்தப் போகாதீர்கள், எங்கே வருகிறது என்று முதலில் கேளுங்கள். முதல் ஐந்து ஃப்ரெட்களில் மட்டும் என்றால் நெக் தேவைக்கு மேல் நேராகிவிட்டது, ராடைத் தளர்த்தவேண்டும். 12-க்கு மேல் என்றால் சாடில் தாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. திறந்த (எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாத) தந்தியில் மட்டும் என்றால் நட்டின் வெட்டு ஆழமாகிவிட்டது. கடைசி இரண்டும் கருவி சரிசெய்பவரின் வேலை. ஆம்பில் கேட்காத லேசான கரகரப்பைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

இன்டனேஷனுக்கு 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி), அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் ஒப்பிடவேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியை நீளமாக்குங்கள், தாழ்ந்திருந்தால் முன்னுக்கு. பழைய தந்தியில் இதைச் செய்து பயனில்லை, அழுக்கேறிய தந்தி சீராக அதிராது. 12-இல் சரியாக இருந்து முதல் இரண்டு ஃப்ரெட்களில் மட்டும் சுரம் ஏறினால் குற்றவாளி நட்: 3-ஆம் ஃப்ரெட்டை அழுத்திப் பாருங்கள், முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும்.

பிக்கப் உயரத்தில் பலர் தவறுகிறார்கள். உயர்த்தினால் ஒலி கூடும் என்பது உண்மைதான், ஆனால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். மேல் ஃப்ரெட்களில் சுரம் தள்ளாடும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, இ பக்கம் 2.8 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கி, நான்கு தந்தியும் ஒரே அளவு ஒலிக்கும்வரை காதால் சரிசெய்யுங்கள்.

ஆம்ப் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்லலாம். திறந்த இ தந்தியின் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒலியைக் கூட்டினால் கூம்பு கிழியலாம். வீட்டுக்கு ஃபெண்டர் ரம்பிள் 25 போதும். ஆனால் நான் ரம்பிள் 40-ஐத்தான் பரிந்துரைப்பேன், காரணம் வாட் அல்ல. வாட் இருமடங்கானாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். 40-இல் 10 அங்குல ஸ்பீக்கரும், மிக்சருக்கு நேராகப் போகும் எக்ஸ்எல்ஆர் லைன் அவுட்டும் இருக்கின்றன, 25-இல் அந்த லைன் அவுட் இல்லை. சிறிய மேடையில் அதை ஒலிபெருக்கி அமைப்போடு இணைத்துவிட்டால் பெரிய ஆம்ப் தேவைப்படாது. தனி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) வாங்குபவர்கள் ஓம் கணக்கைக் கவனிக்கவேண்டும். இரண்டு 8 ஓம் கேபினெட் சேர்ந்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2 ஓம், பல ஹெட்கள் அதைத் தாங்காது. இடையில் ஸ்பீக்கர் கேபிள்தான் போடவேண்டும். கிட்டார் கேபிளின் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்தில் சூடேறும்.

பழைய கருவி வாங்குபவர்களுக்கு: ட்ரஸ் ராட் இரு பக்கமும் திரும்புகிறதா என்று உரிமையாளரையே திருப்பிக்காட்டச் சொல்லுங்கள். முழுதும் இறுகி நின்றும் நெக் இன்னும் வளைந்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். குமிழ்களின் கரகரப்பும் ஆடும் ஜாக்கும் பயப்படவேண்டியவை அல்ல. முன்னதற்குத் துப்புரவு ஸ்ப்ரே, பின்னதற்கு ஒரு நட் இறுக்கம். அவற்றைக் காட்டி விலை குறைக்கக் கேட்கலாம்.