பெல்ட் வைத்த சிறப்பு நாற்காலி: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தாயின் மதிப்பீடு

இந்த நாற்காலியை வாங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். வாங்கலாம். ஆனால் அது பள்ளிக்கும் போகப்போகிறது என்றால், கீழே உள்ளதை முழுவதும் படித்துவிட்டு வாங்குங்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். கை கால்களில் தசை இறுக்கம் அதிகம். நடக்க மாட்டான், பேச மாட்டான். நாம் பேசுவது அத்தனையும் அவனுக்குப் புரியும். அவனுடைய ஆறாவது வயதில் இயன்முறை மருத்துவர் அளவெடுத்து எழுதிக்கொடுக்க, வீட்டுக்கு ஒரு நாற்காலி வாங்கினோம். அதே மாதிரி நாற்காலி ஒன்றைப் பள்ளியும் அவனுக்காக வாங்கிவைத்தது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த வகை நாற்காலிகள் பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: உயரமும் ஆழமும் மாற்றக்கூடிய இருக்கை, தலைத் தாங்கி, இடுப்பு பெல்ட், மார்புப் பட்டை, தொடைகளுக்கு நடுவே ஒரு திண்டு, பாதப் பட்டை, முன்னால் மாட்டும் பலகை, அடியில் பிரேக் வைத்த சக்கரங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மிகவும் நல்லது. அதுவரை என் மகன் மடியிலோ தலையணை அணைப்பிலோதான் உட்கார்ந்தான். உடம்பு சரியாமல் பார்த்துக்கொள்வதிலேயே அவனுடைய பலம் முழுவதும் போய்விடும். கை எதற்கும் மிஞ்சாது. இந்த நாற்காலியில் இடுப்பு நிலையாக நின்ற முதல் நாள், அவனுடைய வலது கை மெல்லப் பிரிந்து, பலகைமேல் இருந்த படப்புத்தகத்தின் விளிம்பைத் தொட்டது. பிறகு பக்கத்தின் நடுவுக்குப் போனது. ஒரு விரல் மட்டும் நீண்டு, படத்தில் இருந்த நாயின்மேல் நின்றது. ஆறு ஆண்டுகளில் அவன் எதையும் சுட்டிக்காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அந்த ஒரு விரலுக்காக இந்த நாற்காலியை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் பரிந்துரைப்பேன்.

சின்னக் குறைகள் உண்டு. பாதப் பலகையின் திருகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தளர்கிறது. உறையைக் கழற்றித் துவைத்தால் திரும்ப மாட்ட இரண்டு பேர் வேண்டும். பிள்ளை வளர வளர இருக்கையின் ஆழத்தை மாற்ற வேண்டும். அதை மருத்துவர் முன்னிலையில் செய்வது நல்லது. அவ்வளவுதான்.

இனி பெல்ட். இடுப்பு பெல்ட் வயிற்றின்மேல் இருக்கக் கூடாது. இடுப்பெலும்புக்குக் கீழே, தொடை தொடங்கும் மடிப்பில் சாய்வாக விழ வேண்டும். மேலே ஏறினால் பிள்ளை அடியில் வழுக்கி இறங்குவான். அப்போது மார்புப் பட்டை கழுத்துக்கு வந்துவிடும். அதனால்தான் மாட்டும்போது இடுப்பு பெல்ட் முதலில், கழற்றும்போது அது கடைசியில். இதை எங்கள் மருத்துவர் என்னைப் பத்து முறை செய்யவைத்துச் சொல்லிக்கொடுத்தார். சரியான இறுக்கம் எது என்று பார்த்து, பெல்ட்டில் வளையம் நிற்க வேண்டிய இடத்தில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டேன். பள்ளி நாற்காலியிலும் அதே இடத்தில் அதே கோடு. யார் மாட்டினாலும் கோட்டைப் பார்த்து மாட்டினால் போதும்.

அந்தக் கோடுதான் பிறகு எனக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது.

பள்ளியில் சேர்ந்த இரண்டாவது ஆண்டில் அவன் தொடை மடிப்பில் சிவப்புத் தடம் தெரிய ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்த சிவப்பு என்றால் அரைமணி நேரத்தில் மறைந்துவிடும். இது இரவு வரை இருந்தது. முழங்காலுக்குப் பின்னால் தோல் தடித்தது. வீட்டில் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாலே உடம்பை வில் போல விறைத்துக்கொண்டான். அவனைத் தாங்கி உட்காரவைத்த நாற்காலி, அவன் விரல் நீட்டிய நாற்காலி. பல் வலியா, வயிற்று வலியா என்று மூன்று வாரம் வேறு காரணங்களைத் தேடினேன்.

ஒரு நாள் சொல்லாமல் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் அவன் இல்லை. வகுப்புக்குப் பின்னால், பாய்களும் பழைய மேசைகளும் அடுக்கிவைத்த அறையில், சுவரைப் பார்த்தபடி அவனுடைய நாற்காலி நின்றது. அதில் அவன். கதவு திறந்துதான் இருந்தது. பெல்ட்டைப் பார்த்தேன்: கறுப்புக் கோடு வளையத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது. அவ்வளவு இறுக்கியிருந்தார்கள். கால்சட்டை நனைந்து காய்ந்திருந்தது. என் குரல் கேட்டதும் அவன் திரும்ப முயன்றான். தலைத் தாங்கி தடுத்தது.

ஆசிரியை ஓடிவந்தார். "பூட்டவில்லையம்மா, பாருங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது. கத்திக்கொண்டே இருந்தான், மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கவில்லை. கொஞ்சம் அமைதியாகட்டும் என்றுதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கதவைப் பூட்டவில்லைதான். நடக்க முடியாத பிள்ளைக்குப் பூட்டு எதற்கு? சக்கரத்தின் பிரேக்கை மிதித்துவிட்டால் போதாதா?

நாற்காலியை மதிப்பிடும்போது இந்த ஒன்றைத்தான் நான் தவறவிட்டிருந்தேன். எங்கே வேண்டுமானாலும் உருட்டிச் செல்லலாம் என்று சக்கரத்தை ஒரு வசதியாக எண்ணியிருந்தேன். பிள்ளையை எங்கே வேண்டுமானாலும் ஒதுக்கியும் வைக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். பள்ளிகளில் மாணவர்களைக் கட்டுப்படுத்துவதையும் தனிமைப்படுத்துவதையும் நாடு முழுவதற்கும் கணக்கெடுக்கும் நாடுகளில் அமெரிக்கா ஒன்று. அங்கே 2017-18 கல்வியாண்டில் பள்ளிகள் தாமாகத் தந்த கணக்கின்படி 1,01,990 மாணவர்கள் இதற்கு ஆளாகியிருக்கிறார்கள். கையால் பிடித்து அடக்கப்பட்டவர்கள் 70,833 பேர், தனிமையில் அடைக்கப்பட்டவர்கள் 27,538 பேர், கருவியால் கட்டப்பட்டவர்கள் 3,619 பேர். மொத்த மாணவர்களில் சிறப்புக் கல்விச் சட்டத்தின்கீழ் வருபவர்கள் ஏறத்தாழ 13 சதவீதம்தான்; பிடித்து அடக்கப்பட்டவர்களில் அவர்கள் 80 சதவீதம், அடைக்கப்பட்டவர்களில் 77 சதவீதம்.

மூன்றில் எனக்கு உறுத்தியது கருவியால் கட்டப்பட்டவர்களின் எண்தான். ஏன் அது மட்டும் இவ்வளவு சிறியது? அந்தக் கணக்கெடுப்பின் விளக்கத்தைப் படித்தால் ஒரு காரணம் புரியும். மாணவரின் அசைவைத் தடுக்கும் கருவி எதுவும் கட்டுப்பாடுதான். ஆனால் உடலைச் சரியான நிலையில் வைக்கவும் சமநிலைக்கும் வல்லுநர் எழுதிக்கொடுத்து, அந்த நோக்கத்துக்காகவே பயன்படும் கருவி அதில் சேராது. விளக்கத்தில் பிழையில்லை. என் மகனுடைய நாற்காலி சிகிச்சைக் கருவிதான், நானே சொல்வேன். ஆனால் காலை பத்து மணிக்குச் சிகிச்சையாக இருந்த பெல்ட், பன்னிரண்டு மணிக்கு, அவன் இறங்க வேண்டும் என்று கத்தும்போதும் பூட்டியே இருந்தால், அது இன்னும் சிகிச்சைதானா? அந்த இரண்டு மணி நேரத்தை யார் எழுதிவைக்கிறார்கள்? பள்ளியின் பார்வையில் அவன் கட்டப்படவும் இல்லை, அடைக்கப்படவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். இப்படி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

2012-இல் அமெரிக்கக் கல்வித்துறை பள்ளிகளுக்காக 15 நெறிகளை வெளியிட்டது. பிள்ளைக்கோ மற்றவருக்கோ கடுமையான உடல் தீங்கு உடனே நேரும் ஆபத்து இருந்தால் தவிர அடக்கக் கூடாது, தனிமைப்படுத்தக் கூடாது. தண்டனையாகவோ வசதிக்காகவோ ஒருபோதும் கூடாது. நடந்தால் பெற்றோருக்கு விரைவில் சொல்ல வேண்டும் என்கிறது. இவை சட்டமல்ல, வழிகாட்டல். ஆனாலும் 'வசதிக்காக' என்ற அந்தச் சொல்லைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் பள்ளியில் எல்லோரும் 'பாதுகாப்புக்காக' என்றுதான் சொன்னார்கள். ஐக்கிய நாடுகள் 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, குறைபாடு இருக்கிறது என்பது மட்டுமே ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் காரணமாகாது என்கிறது. நடக்கத் தெரிந்த பிள்ளை கத்தியிருந்தால் பாய் அடுக்கும் அறையில் மணிக்கணக்கில் விட்டிருப்பார்களா?

ஆசிரியையின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது முன்போல இல்லை. பதினான்கு பிள்ளைகளுக்கு அவர் ஒருவர், உதவிக்கு ஒருவர். என் மகனைத் தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் அவனிடம் வந்துவிட்டால் மற்றப் பதின்மூன்று பேரை யார் பார்ப்பது? அந்தக் கேள்விக்கு ஆள் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம். நிர்வாகம் பதில் சொல்லாத இடத்தில் பெல்ட் பதில் சொன்னது. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்: அவன் 'கத்தினான்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்களே, அது கத்தல் இல்லை. பேச்சு. வாய் வராத பிள்ளை 'இறக்கிவிடு' என்று சொல்ல வேறு வழி என்ன இருந்தது? சொன்னதற்குக் கிடைத்தது சுவர்.

இந்த இடத்தில் தயாரிப்பாளர்மேல் ஒரு குறை. பெல்ட்டின் கொக்கியை அழுத்தித் திறக்கும் பொத்தான் சிவப்பு. அதை மூடிவைக்க ஒரு பிளாஸ்டிக் உறையைத் தனியாக விற்கிறார்கள், பிள்ளை தானே திறந்துவிடாமல் இருக்க. ஓடும் வண்டியில் அது தேவைப்படலாம். வகுப்பறை நாற்காலிக்கு எதற்கு? என் மகனால் பொத்தானை அழுத்த முடியாது. அழுத்த முடிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் அழுத்தினால் அதுவும் ஒரு பேச்சுத்தான். கையேட்டில் எப்படி மாட்டுவது என்று நான்கு பக்கம் படத்தோடு இருக்கிறது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இறக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அடுத்த பதிப்பிலாவது அதை முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

நாங்கள் பிறகு செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். மருத்துவரிடம் கேட்டு, நாற்காலி எதற்கு, ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம், அதன்பின் பாயிலா, பிடித்து நிற்கவைக்கும் மரச்சட்டம் போன்ற தாங்கியிலா என்று எழுதி வாங்கினோம். அவனுக்கு முப்பது நிமிடம். உங்கள் பிள்ளைக்கு வேறாக இருக்கும், எழுதி வாங்குங்கள். நாற்காலியின் முதுகில் ஓர் அட்டவணை தொங்குகிறது. உட்காரவைத்த நேரமும் இறக்கிய நேரமும் அதில் ஏற வேண்டும். நாற்காலி வகுப்பை விட்டு வெளியே போனால், எங்கே, யாரோடு, ஏன் என்று அன்றே எனக்குத் தெரிய வேண்டும். இதற்கு மூன்று சந்திப்புகள், இரண்டு கடிதங்கள் ஆயின. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு பகலில் நான்கு மணி நேரத்துக்கு இன்னோர் உதவியாளர் வந்தார்.

நான்காவது ஒன்று செய்தோம். எல்லாவற்றையும்விட அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். பலகையின் வலது மூலையில், அவன் கை எட்டும் இடத்தில், ஓர் அட்டை ஒட்டினோம். நாற்காலியிலிருந்து ஒரு பிள்ளை பாயில் இறங்குகிற படம். கீழே 'இறக்கு'. அதைத் தட்டினால் உடனே இறக்க வேண்டும். "இப்போதுதானே உட்கார்ந்தாய்" என்று கேட்கக் கூடாது.

"அப்படியானால் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பானே, அம்மா?" என்று ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. முதல் நாள் பதினொரு முறை தட்டினான். அழுது கொண்டே தட்டினான், இறக்கியதும் மீண்டும் ஏற்றக் கையை நீட்டினான், ஏற்றியதும் தட்டினான். சொன்னால் நடக்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறான் என்றே நினைக்கிறேன். பதினொரு முறையும் இறக்கினார்கள். அதை அந்த ஆசிரியைதான் செய்தார், உதவியாளரும் அவரும் மாறிமாறி. அதற்காக அவரை நான் மறக்க மாட்டேன்.

தொடையில் தடம் மறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. நாற்காலியைக் கண்டு விறைப்பது நிற்க அதைவிட நாளானது; இன்றும் முதுகுப்பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தால் பிடிக்காது, அவன் பார்க்கிற மாதிரி முன்னால்தான் கொண்டுவர வேண்டும். போன வாரம் பள்ளியிலிருந்து வந்த அட்டவணையில் ஆசிரியையின் கையெழுத்தில் இருந்தது இது:

10.20 உட்கார்ந்தான். 10.45 தட்டினான், இறக்கினோம். 11.30 தானே நாற்காலியைப் பார்த்துக் கை நீட்டினான். உட்காரவைத்தோம். படப்புத்தகம் பார்த்தான். 12.00 நேரம் முடிந்தது, இறக்கினோம்.