பராமரிப்பாளர்களுக்கென்று விற்கப்படும் மசாஜ் 'பேக்கேஜ்': நான் ஏமாந்த விதம்

மண்டபத்தில் வசிக்கும் நான், பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் மாமியாரை மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர் என்பதால் பெரும்பாலான நாள்களில் வீட்டில் நான் மட்டுமே இருப்பேன். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அப்படி இரவும் பகலும் தனியாளாகத் தூக்கியதில் என் இடுப்பு கெட்டது. கீழே விழுந்த ஒரு கரண்டியைக் குனிந்து எடுக்க முடியாத நிலையில்தான், 'நோயாளியைக் கவனிக்கும் உங்களை யார் கவனிப்பது?' என்ற விளம்பரம் கைபேசியில் என் கண்ணில் பட்டது.

ராமநாதபுரம் பக்கம் உள்ள, உடலைப் பிடித்துவிடும் மையம் அது. உடல், மனம் இரண்டுக்கும் சேர்த்து முழுமையான சிகிச்சை என்றார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. முதல் நாள் முன்னறையில் இருந்த பெண் என்னிடம், "காலையிலே சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மாமியார் சாப்பிட்டாரா என்று கேட்பார்களே தவிர, என்னை அப்படிக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அழுதுவிட்டேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் நீட்டிய படிவத்தில் நான் எதையும் படிக்காமல் கையெழுத்திட்டதற்கு அந்த அரை மணி நேரமே காரணம் என்று இப்போது நினைக்கிறேன். பன்னிரண்டு அமர்வுக்கு 18,000 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாத அந்த நேரத்தில், நிவாரணமாக வந்த 8,000 ரூபாயை அப்படியே முன்பணமாகக் கட்டினேன். மீதியை இரண்டாம் அமர்வுக்குள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ரசீது தரவில்லை, அமர்வுக்கு ஒரு முத்திரை குத்தும் அட்டை மட்டும் கொடுத்தார்கள்.

வலி எங்கே தொடங்குகிறது, காலுக்கு இறங்குகிறதா, சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் என்று சொன்ன அமர்வு நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அனுபவமுள்ள பெண்மணி செய்வார் என்றார்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு சிறு பெண் வந்தாள். அவர்களில் ஒருத்தி, தனக்கு ஒரு வாரம்தான் பயிற்சி கொடுத்தார்கள் என்று வெள்ளந்தியாகச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

நான்காவது அமர்வில் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை இடுப்பில் ஊன்றி அழுத்தியபோது, இடது காலில் பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி இறங்கியது. முறையிட்டதற்கு, உடலில் தேங்கிய கழிவு வெளியேறும்போது வலி கூடித்தான் குறையும் என்றார்கள். அந்தப் பேச்சை நம்பி மேலும் இரண்டு அமர்வுக்குப் போனேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதன்பின் நான்கு நாள் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. மாமியாரைப் புரட்ட ஆளில்லாமல் அவருடைய இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து பிய்ந்தது. நான் கட்டிய பணத்தைவிட அந்தப் புண்தான் எனக்கு இன்றும் ஆறாதது.

அரசு மருத்துவமனையில் பார்த்த மருத்துவர், முதுகுத்தண்டின் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். அது முன்பே இருந்து இவர்களால் கூடியதா, புதிதாக வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நானும் அதற்கு மேல் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அதைக் கண்டறியாமல் அந்த இடத்தில் அப்படி அழுத்தியிருக்கவே கூடாது. கால் மரத்துப்போவதோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார்.

மீதி ஆறு அமர்வுக்கான பணத்தைக் கேட்டபோது திருப்பித் தர இயலாது என்றார்கள். அதற்குப் பதிலாக அதே அமர்வுகளில் மாமியாரின் காலைப் பிடித்துவிட்டு மூன்று மாதத்தில் நடக்க வைப்போம் என்றார்கள். மருந்தாலோ மாய முறையாலோ பக்கவாதத்தைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நல்ல வேளையாக மருத்துவரிடம் கேட்டேன். அசைவில்லாத கால் வீங்கியிருந்தால் உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம், அதை அழுத்தித் தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறிக்கும் என்றார். மாமியாருக்குக் கெண்டைக்கால் வீங்கித்தான் இருந்தது.

உடலைப் பிடித்துவிடுவதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில், தொக்கணம் எனப்படும் உடலைப் பிடித்துவிடும் முறையும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று அதில் ஒன்பது வகை சொல்வார்கள். ஆனால் அதைச் சொல்லித்தரும் சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ்.ஸும், இயற்கை மருத்துவத்துக்கான பி.என்.ஒய்.எஸ். பட்டமும் உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுப் படிப்பு. என்னைத் தொட்டவர்களில் ஒருவரும் அதையோ இயன்முறை மருத்துவத்தையோ (பிசியோதெரபி) படித்தவரில்லை. கட்டில் ஏறும் முன் படிப்பையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் செருப்பைக் கழற்றவே வேண்டாம்.

எனக்கு உண்மையில் உதவியது, பணம் கொடுக்காமல் கிடைத்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர், மாமியாரின் இடுப்புக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து விரித்து, அதைப் பிடித்து இழுத்துப் புரட்டக் கற்றுக்கொடுத்தார். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகிவிடும் என்பதையும் அவரே சொன்னார். நாத்தனார் வாரம் இரண்டு பிற்பகல் வந்து இருக்கிறார். அந்த நேரம் நான் வெறுமனே தூங்குகிறேன். எண்ணெய்க் குளியலைவிட அதுவே என் இடுப்புக்கு நல்லதாக இருக்கிறது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீது தர மறுப்பதும், குறைபாடான சேவைக்கான பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறையே. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. என்னிடம் இருக்கும் சான்று, கைபேசி வழியாகப் பணம் அனுப்பிய பதிவும் ஆறு முத்திரை விழுந்த அந்த அட்டையும்தான். பணம் திரும்பக் கேட்டுப் போனபோது, கணக்குப் பார்க்க வேண்டும் என்று அந்த அட்டையை வாங்கிவைக்கப் பார்த்தார்கள். இதேபோன்ற அட்டை உங்களிடம் இருந்தால், மறுபடி அங்கே போவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.